நடு விலைப் பந்து

கடைக்காரர்கள் மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவர்கள். எந்தச் சாமானை எடுத்தாலும் மூன்று விலையில் வைத்திருப்பார்கள். ஒன்று மலிவு, ஒன்று உயர்ந்த விலை, ஒன்று நடுவாந்தரம். நம்மைப் போன்ற மத்தியதர வகுப்பார் உள்ளே நுழைந்தால் என்ன செய்வோம் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். மலிவுச் சாமானைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 'உழைக்காது' என்று வைத்துவிடுவோம். விலை உயர்ந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்து, 'நமக்கு எதற்கு இந்த ஆடம்பரம்?' என்று ஒரு பெருமூச்சு விடுவோம். கடைசியில் நடுவில் இருப்பதை வாங்கிக்கொண்டு, புத்திசாலித்தனமாக நடந்துகொண்டோம் என்ற திருப்தியோடு வீடு திரும்புவோம். குடையானாலும் கட்டிலானாலும் கலியாணப் புடவையானாலும் இதே கதைதான்.

இந்த நடு விலை விவகாரம் என்னை ஒரு பந்தின் சரித்திரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் ஒரு நாள் டெலிபோனில் கேட்டான்:

"சித்தப்பா, எங்க ஆபீஸ்காரங்க எல்லாரும் சேர்ந்து வியாழக்கிழமை ராத்திரி பௌலிங் லீக் ஆடறோம். சொந்தமா ஒரு பந்து வாங்கணும். கடையிலே மூணு விலை சொல்றாங்க. எதை வாங்கறதுன்னு தெரியலே."

"கிரிக்கெட் பந்துக்கு இவ்வளவு யோசனையா?" என்றேன்.

"கிரிக்கெட் இல்லே சித்தப்பா. கட்டைகளை நிறுத்தி வெச்சுப் பந்தை உருட்டித் தள்ளற ஆட்டம். பந்து ஏழு கிலோ வரைக்கும் இருக்கும்."

ஏழு கிலோப் பந்து! அதைப் பற்றி யோசனை சொல்வதற்கு முன் கொஞ்சம் படித்துத்தான் ஆகவேண்டும் என்று அவகாசம் கேட்டுக்கொண்டேன். படிக்கப் படிக்க, விலையைப் பற்றிய கேள்வி பின்னுக்குப் போய், வேறு கேள்விகள் முன்னுக்கு வந்து நின்றன.

ஆட்டம் என்னவோ பார்ப்பதற்கு எளிதுதான். 60 அடி நீளம், மூன்றரை அடி அகலம் உள்ள வழவழப்பான பாதை. அதன் கோடியில் சீசா வடிவத்தில் பத்துக் கட்டைகள் முக்கோணமாக நிற்கும். ஒவ்வொன்றும் 15 அங்குல உயரம், ஏறக்குறைய மூன்றரை ராத்தல் கனம். இந்தக் கோடியிலிருந்து பந்தை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். ஒரே உருட்டில் பத்தும் சாய்ந்தால் அது 'ஸ்ட்ரைக்'. மிச்சம் நின்றவற்றை இரண்டாவது உருட்டில் சாய்த்தால் 'ஸ்பேர்'. தொடர்ந்து பன்னிரண்டு ஸ்ட்ரைக் போட்டால் 300 புள்ளி. அதற்கு மேல் தேவாதி தேவனே வந்து உருட்டினாலும் கிடையாது.

இந்த ஆட்டத்தின் முன்னோர்கள் ஜெர்மனியிலும் ஹாலந்திலும் ஆடப்பட்ட ஒன்பது கட்டை ஆட்டக்காரர்கள். குடியேறியவர்கள் தங்கள் பெட்டி படுக்கையோடு ஆட்டத்தையும் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார்கள். வாஷிங்டன் இர்விங் 1819-ம் ஆண்டு வெளியிட்ட 'ரிப் வான் விங்கிள்' கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மலைக்கு மேல் விசித்திரமான சில மனிதர்கள் பந்து உருட்டுகிறார்கள். அந்தச் சத்தம் இடிமுழக்கம்போல் கேட்கிறது. அவர்களுடைய பானத்தைக் குடித்துவிட்டுத்தான் ரிப் இருபது வருஷம் தூங்கிப் போகிறான். அவர்கள் ஆடியது இந்த ஒன்பது கட்டை ஆட்டமே. பின்னால் சூதாட்டம் பெருகியதால் கனெக்டிகட் மாகாணம் 1841-ல் ஒன்பது கட்டை ஆட்டத்தைத் தடை செய்தது என்றும், சட்டத்தை ஏமாற்ற யாரோ ஒரு கெட்டிக்காரர் பத்தாவது கட்டையைச் சேர்த்துவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. சரித்திர ஆசிரியர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் நல்ல கதை. சட்டம் 'ஒன்பது' என்றால் நாம் 'பத்து' என்பது உலகெங்கும் உள்ள வழக்கம்தானே?

பழைய காலத்துப் பந்துகள் மரத்தில் கடைந்தவை. சாதாரண மரம் அல்ல. மேற்கிந்தியத் தீவுகளிலும் அதை அடுத்த வெப்ப நாடுகளிலும் வளரும் 'லிக்னம் வீட்டே' என்ற மரம். லத்தீனில் 'உயிர் மரம்' என்று அர்த்தம். ஒரு காலத்தில் ஐரோப்பியர்கள் அதை மருந்தாகக் கொண்டாடியதால் அந்தப் பெயர். நம் ஊர்க் கருங்காலி உலக்கையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் குணம் கொஞ்சம் புரியும். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் மரம் அது. உள்ளுக்குள்ளேயே ஒரு பிசின் ஊறிக்கொண்டிருப்பதால் கப்பலின் சுழல் விசிறித் தண்டைத் தாங்குவதற்குக்கூட அதை வைத்தார்கள். அவ்வளவு உறுதியான மரத்திலும் ஒரு குறை இருந்தது. மரம் மரம்தான். மாதக்கணக்கில் அடிபட்டால் சிராய்க்கும், பிளக்கும், வட்டம் குறையும். நேற்று நேராக ஓடிய பந்து இன்று ஒரு பக்கமாகச் சாயும்.

பந்துதான் இப்படி என்றால் விதிகளும் ஊருக்கு ஒரு விதமாக இருந்தன. ஓர் ஊரில் பெரிய பந்து, அடுத்த ஊரில் சிறிய பந்து. பாதையின் நீளத்திலும் தகராறு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1895-ம் ஆண்டு செப்டம்பர் 9-ம் தேதி நியூயார்க்கில் பீத்தோவன் ஹால் என்ற மண்டபத்தில் பல சங்கத்தார் கூடி 'அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ்' என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். ஆட்டத்துக்குப் பொது விதிகள் வந்தன. பந்தின் சுற்றளவு 27 அங்குலத்தைச் சுற்றியே இருக்கவேண்டும், கனம் 16 ராத்தலுக்கு மேல் போகக்கூடாது என்ற அளவுகள் இன்றைக்கும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. கனம் குறையலாம், உருவம் குறையக்கூடாது. அதனால் ஒரு வேடிக்கை உண்டு. இன்று விற்கும் பந்துகளில் 11 ராத்தல் பந்தைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். 16 ராத்தல் பந்து மூழ்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

பணக்காரன் பெரிய பந்தை வாங்கி ஏழையை ஜெயித்துவிடக் கூடாது என்பதுதான் இந்த அளவுகளுக்குள் இருக்கும் நியாயம். ஜெயிப்பது கையாக இருக்கவேண்டும், கைப்பணமாக இருக்கக்கூடாது. இந்த ஆட்டத்தின் சரித்திரம் முழுவதும் அந்த நியாயத்துக்கும் அதை மீற நினைத்தவர்களுக்கும் நடந்த இழுபறிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மரத்துக்கு அடுத்தபடி ரப்பர் வந்தது. 1905-ம் ஆண்டு 'எவர்ட்ரூ' என்ற பெயருடன் கெட்டி ரப்பர்ப் பந்து விற்பனைக்கு வந்தது. 'என்றும் பிசகாதது' என்று அந்தப் பெயரைத் தமிழ்ப்படுத்தலாம். கெட்டி ரப்பர் என்றதும் சிறுவர்கள் விளையாடும் ரப்பர்ப் பந்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ரப்பரோடு கந்தகத்தை அதிகமாகச் சேர்த்துக் காய்ச்சினால் அது கல் மாதிரி இறுகிவிடும். அதற்கு எபோனைட் என்று பெயர். நம் தகப்பனார்கள் சட்டைப் பையில் செருகியிருந்த கறுப்பு மசிப் பேனாக்களில் பல அந்த எபோனைட்டில் கடைந்தவைதான். அதே சரக்கில் பந்து செய்தால் பிளப்பதில்லை, வட்டம் குறைவதில்லை. 1914-ல் 'பிரன்ஸ்விக்' கம்பெனி 'மினரலைட்' என்ற ரப்பர்ப் பந்தை வெளியிட்டது. 1845-ல் சின்சினாட்டி நகரத்தில் தொடங்கிப் பில்லியர்ட்ஸ் மேஜையால் பேர் வாங்கிய கம்பெனி அது. பிறகு அரை நூற்றாண்டுக்கு ஆட்டக்கூடங்களில் வரிசை வரிசையாக இருந்த கறுப்புப் பந்துகள் பெரும்பாலும் இந்த ரப்பர்ப் பந்துகளே.

அந்தக் காலத்து ஆட்டக்கூடத்தின் கோடியில் இன்னொரு காட்சியும் உண்டு. சாய்ந்த கட்டைகளை எடுத்து நிறுத்துவதற்கும், பந்தைத் திருப்பி அனுப்புவதற்கும் சிறுவர்களை வைத்திருந்தார்கள். லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குழந்தைத் தொழிலாளர்களைப் படம் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தார். அவருடைய படங்களில் இந்தச் சிறுவர்களும் இருக்கிறார்கள். நள்ளிரவு வரையில் குழிக்குள் உட்கார்ந்து, பறந்து வரும் கட்டைகளுக்கு விலகிக்கொண்டு வேலை செய்த பிள்ளைகள். 1946-ல் கட்டைகளைத் தானாகவே நிறுத்தும் இயந்திரத்தை 'ஏ.எம்.எப்.' கம்பெனி பஃபலோ நகரத்தில் ஜனங்களுக்குக் காட்டியது. 1950-களில் அது நாடெங்கும் பரவியது. இயந்திரம் மனிதனின் வேலையைப் பறித்தது என்று நாம் அடிக்கடி வருத்தப்படுகிறோம். இந்த வேலை பறிபோனதற்கு மட்டும் நான் வருத்தப்படமாட்டேன்.

பந்தின் சுற்றளவை அங்குலக் கணக்கில் அளந்து நியாயம் காத்த காங்கிரஸ், மனிதர்களை அளந்தபோது அந்த நியாயத்தைக் கைவிட்டுவிட்டது. வெள்ளைக்கார ஆண்கள் மட்டுமே அங்கத்தினராகலாம் என்று 1916-ல் சட்டமாகவே எழுதி வைத்தது. அதே வருஷம் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 40 பெண்கள் கூடித் தங்களுக்கென்று தனி ஸ்தாபனம் தொடங்கிக்கொண்டார்கள். ஆனால் வாசலில் நிறுத்தப்பட்ட அந்தப் பெண்களின் ஸ்தாபனமும் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான் வாசலைத் திறந்தது! கறுப்பு இனத்தவர்கள் 1939-ல் டெட்ராய்டில் கூடித் தங்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள்.

டெட்ராய்ட் மோட்டார்த் தொழிலாளர்களின் ஊர். ஒரே தொழிற்சாலையில், ஒரே வரிசையில் நின்று, வெள்ளையனும் கறுப்பனும் திருகு முடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாலையில் சங்கு ஊதியதும் ஒருவன் லீக் ஆடப் போவான்; மற்றவன் போக முடியாது. மோட்டார்த் தொழிலாளர் சங்கம் இந்த அக்கிரமத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. 1947-ல் 'பௌலிங்கில் நியாயம்' கோரி ஒரு தேசியக் கமிட்டி ஏற்பட்டது. அதன் தலைமைக்கு வந்தவர்களில் ஒருவர் அப்போது மினியாபொலிஸ் நகர மேயராக இருந்த ஹ்யூபர்ட் ஹம்ப்ரி. ஜப்பானிய அமெரிக்கர்களின் சங்கமும் சேர்ந்துகொண்டது. அவர்களுக்கும் அந்த வாசல் மூடித்தான் இருந்தது. தொழிற்சங்கம் எல்லா இனத்தவர்களுக்கும் பொதுவாகத் தானே போட்டி நடத்திக் காட்டியது. வழக்குகள் தொடரப்பட்டன. கடைசியில் 1950-ம் ஆண்டு காங்கிரஸ் அந்த விதியை நீக்கியது. மனம் மாறி நீக்கியதா, வழக்குக்குப் பயந்து நீக்கியதா என்று கேட்டால், இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று சொல்லவேண்டும்.

விதியை நீக்கினால் கதவு திறந்துவிடுமா? தென் கரோலினா மாகாணத்தில் ஆரஞ்சுபர்க் என்று ஓர் ஊர். அங்கே 'ஆல் ஸ்டார்' என்ற ஆட்டக்கூடம் இருந்தது. இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சிவில் உரிமைச் சட்டம் 1964-லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டத்தை செனட் சபையில் பாடுபட்டு நிறைவேற்றிக் கொடுத்தவரும் அதே ஹம்ப்ரிதான். ஆயினும் 1968-லும் அந்தக் கூடத்தின் சொந்தக்காரர் கறுப்பு மாணவர்களை உள்ளே விடவில்லை. மாணவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். பிப்ரவரி 8-ம் தேதி இரவு கல்லூரி வளாகத்திலேயே போலீஸார் அவர்கள்மீது சுட்டார்கள். ஸாமுவேல் ஹாமண்ட், ஹென்றி ஸ்மித், டிலானோ மிடில்டன் என்ற மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். இரண்டு டஜனுக்கு மேற்பட்டவர்கள் காயம் அடைந்தார்கள். மிடில்டன் கல்லூரியில்கூடச் சேரவில்லை. பதினேழு வயது, உயர்நிலைப் பள்ளி மாணவன். சுட்ட போலீஸாரில் ஒன்பது பேர்மீது வழக்கு நடந்தது. அத்தனை பேரும் விடுதலையானார்கள். அந்த இரவில் காயம் பட்ட கிளீவ்லண்ட் செல்லர்ஸ் என்ற இளைஞரைத்தான் கலகக்காரர் என்று சிறையில் போட்டார்கள். 1993-ல் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்கள். யார் யாரை மன்னிப்பது என்று கேட்கத் தோன்றுகிறது. அப்போது அமெரிக்காவின் உதவி ஜனாதிபதியாக இருந்தவர் யார் தெரியுமா? ஹ்யூபர்ட் ஹம்ப்ரி. இருபது வருஷங்களுக்கு முன் பௌலிங்கில் நியாயம் கேட்டவர் நாட்டின் இரண்டாவது பெரிய பதவியில் இருந்தும், ஒரு சிற்றூர் ஆட்டக்கூடத்தின் கதவைத் திறக்க மூன்று உயிர்கள் போகவேண்டியிருந்தது. பிறகு நீதிமன்றம் உத்தரவு போட்ட பின்தான் கதவு திறந்தது. அந்தக் கட்டடம் 1996-ல் சரித்திரச் சின்னங்களின் தேசியப் பட்டியலில் இடம் பெற்றது.

இந்தக் கதையைப் படித்த பிறகு மறுபடியும் பந்தின் விலையைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் ஆடலாம் என்ற சண்டை ஒருவாறு அடங்கிய காலத்தில்தான், எதைக் கொண்டு ஆடலாம் என்ற சண்டை பலமாக ஆரம்பித்தது.

1960-களில் பிளாஸ்டிக் பந்துகள் பரவின. பாலியெஸ்டர் என்று நாம் சட்டைத் துணியில் கேள்விப்படுகிறோமே, அந்தக் குடும்பத்துச் சரக்குதான். வண்ண வண்ணமாகப் பந்து செய்யலாம், வழவழவென்று இருக்கும். 1973-ம் ஆண்டு டான் மெக்யூன் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் தம்முடைய பிளாஸ்டிக் பந்தை ஒரு ரசாயனத் திரவத்தில் ஊறப்போட்டார். நாம் ஊறுகாய் போடுவது மாதிரிதான். ஊறிய பந்தின் மேல்தோல் மெத்தென்று ஆகிப் பாதையை நன்றாகப் பற்றிக்கொண்டு வளைந்தது. அந்த ஒரே பருவத்தில் அவர் ஆறு பட்டங்களை வென்று, அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையும் பெற்றார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. பந்தை ஊறப்போடக் கூடாது என்று அப்போது எந்த விதியும் இல்லை. விதி பிறகு வந்தது. பந்தின் தோலில் ஓர் ஊசியை அழுத்தி, அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக் கெட்டித்தனத்தை அளக்கும் கருவி ஒன்று உண்டு. அந்தக் கருவி 72-க்குக் குறைவாகக் காட்டும் பந்து லீக் ஆட்டத்துக்கு உதவாது என்று காங்கிரஸ் வரையறுத்தது.

மெத்தென்ற பந்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அதைப் புரிந்துகொள்ளப் பாதையைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். பாதையின் முதல் 40 அடி வரைக்கும் ஏறக்குறைய எண்ணெய் தடவியிருப்பார்கள். கடைசிப் பகுதி உலர்ந்திருக்கும். சுழற்றி விட்ட பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். உலர்ந்த இடத்துக்கு வந்ததும் தரையைப் பற்றிக்கொண்டு வளையும். முன் கட்டையை நேருக்கு நேர் மோதினால் பத்தும் விழாது. இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று நின்றுகொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். கட்டைகளுக்கு முன்னிருந்து பின்னாக ஒன்று, இரண்டு என்று வரிசை எண் உண்டு. வலது கைக்காரர் ஒன்றாவது கட்டைக்கும் மூன்றாவது கட்டைக்கும் நடுவிலுள்ள சந்தில் பந்தைச் சற்றே சாய்வாக நுழைக்க வேண்டும். ஆறு பாகை சாய்வு உத்தமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சரியான ஸ்ட்ரைக்கில் பந்து தொடுவது நான்கே கட்டைகளைத்தான். மற்ற ஆறையும் சாய்ப்பவை அந்தக் கட்டைகளேதான். வளையும் பந்துக்கே அந்தச் சாய்வு கிடைக்கும். ஆகவே பற்றும் தோலுக்கு மதிப்பு.

1980-களின் தொடக்கத்தில் யூரிதேன் என்ற சரக்கில் பந்துகள் வந்தன. 1990-களின் தொடக்கத்தில் 'ரியாக்டிவ் ரெஸின்' என்ற பிசின் பந்துகள் வந்தன. இவற்றின் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவை எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு தரையைப் பிடித்துக்கொள்ளும். பந்தின் வயிற்றுக்குள்ளேயும் விசித்திர வடிவங்களில் கனமான கருக்களை வைத்தார்கள். இதன் பலனை ஒரே ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். 1968-69 பருவத்தில் காங்கிரஸ் அங்கீகரித்த 300 புள்ளி ஆட்டங்கள் சுமார் 900. முப்பது வருஷங்களுக்குப் பிறகு 1998-99 பருவத்தில் அவை 34,000-க்கு மேல். மனிதர்களின் கை முப்பது வருஷத்தில் முப்பத்தெட்டு மடங்கு கெட்டியாகிவிட்டதா என்ன? பந்து மாறியதும் எண்ணெய் தடவும் முறை மாறியதும்தான் முக்கியக் காரணங்கள். ஒரு காலத்தில் ஊரே திரண்டு வந்து பார்த்த அதிசயம், 'அப்படியா, சந்தோஷம்' என்று தலையாட்டிவிட்டுப் போகும் காரியமாகிவிட்டது. பழைய காங்கிரஸும் பெண்கள் ஸ்தாபனமும் மற்றவையும் 2005-ல் ஒன்றாகி அமைத்த புது ஸ்தாபனம், பந்து எவ்வளவு வேகமாக எண்ணெய் குடிக்கலாம் என்பதற்குக்கூட 2020-ல் எல்லை கட்டியிருக்கிறது. ஊசியும் அங்குலமும் போதாத காலம்!

இனி அண்ணன் மகனுக்கு நான் சொன்ன யோசனைக்கு வருகிறேன். அவனுக்குக் காட்டிய மூன்று பந்துகளில் மலிவானது பிளாஸ்டிக், நூறு டாலருக்குள். உயர்ந்தது இருநூறு டாலருக்கு மேல். வயிற்றுக்குள் கோணல் கருவும், எண்ணெயை மளமளவென்று குடிக்கும் தோலும் உடையது. நடு விலைக்காரன் இரண்டுக்கும் இடையில்; சமச்சீரான கருவும், மிதமாகப் பற்றும் பிசின் தோலும் உடையவன்.

உயர்ந்த விலைப் பந்து எதற்காகச் செய்யப்பட்டது? எண்ணெய் கனமாகப் பூசிய கடினமான பாதைகளுக்காக. லீக் நடக்கும் சாதாரணக் கூடத்தில் எண்ணெய் நடுவில் தாராளமாகவும் ஓரங்களில் சிக்கனமாகவும் இருக்கும். கொஞ்சம் பிசகி விட்டாலும் பந்து சந்துக்கே திரும்பி வரட்டும் என்ற தயாள குணத்தோடு பூசியது. அந்தப் பாதையில் வீரியமான பந்து சீக்கிரமே தரையைப் பிடித்துக்கொள்ளும். கட்டைகளைச் சென்று சேருவதற்குள் தன் சக்தியை இழந்துவிடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தில் கோணல் இல்லை, பந்துதான் கூடத்துக்கு ஒவ்வாதது. மிதமான பந்து ஓட வேண்டிய மட்டும் ஓடி, வளைய வேண்டிய இடத்தில் வளையும். அதன் மேல்தோலைச் சொரசொரப்பான பட்டையால் தேய்த்தால் கூடுதலாகப் பற்றும். மெருகேற்றினால் நெடுந்தூரம் வழுக்கும். ஒரே பந்து பல வேஷம் போடும். ஆகவே நடு விலை என்பது இங்கே பணப்பையோடு செய்துகொண்ட சமரசம் அல்ல. அந்த ஆட்டத்துக்கு அதுவே பொருத்தம்.

மிச்சமாகும் பணத்தில் செய்ய வேண்டிய காரியம் இரண்டு. முதலாவது, பந்தில் துளை போடுகிறவரிடம் கையைக் கொடுத்து அளந்து, கட்டை விரலுக்கும் மற்ற இரண்டு விரல்களுக்கும் சரியான துளைகள் போட்டுக்கொள்வது. பிடி தளர்ந்தால் பந்தை நெரித்துப் பிடிக்க வேண்டியிருக்கும், மணிக்கட்டு வலிக்கும், குறி தவறும். விரலுக்குப் பொருந்தாத முந்நூறு டாலர் பந்தைவிட, பொருந்துகிற நூறு டாலர் பந்து மேல். கனமும் அப்படித்தான். பதினாறு ராத்தலைத் தூக்கிப் பேர் வாங்குவதைவிட, கடைசி ஆட்டம் வரையில் தோள் வலிக்காமல் உருட்டக்கூடிய கனமே நல்லது. இரண்டாவது காரியம், அந்த மலிவான பிளாஸ்டிக் பந்தையும் வாங்கி வைத்துக்கொள்வது. எண்ணெயைக் கவனியாமல் நேராக ஓடும் பந்து அது. ஓரத்தில் ஒற்றையாக நிற்கும் கட்டையைச் சாய்க்க அதைப்போல் துணை கிடையாது. லீக்கில் ஜெயிப்பவன் ஸ்ட்ரைக் போடுகிறவன் மட்டும் அல்ல; மிச்சத்தை விடாமல் துடைக்கிறவனும்தான். இன்னொன்றும் சொன்னேன். பிசின் பந்து குடித்த எண்ணெய் உள்ளேயே தங்கி, நாளடைவில் பந்தை மந்தமாக்கிவிடும். ஆடி முடித்ததும் துணியால் துடைத்து வைக்க வேண்டும். நம் வீட்டு வெண்கலப் பாத்திரத்துக்குச் செய்கிற உபசாரத்தில் பாதி செய்தால் போதும்.

லீக் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஹேண்டிகேப்' என்ற சலுகைக் கணக்கு. ஓர் உதாரணம் சொல்கிறேன். 220 புள்ளியை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்வார்கள். ஒருவருடைய சராசரி அதற்கு எவ்வளவு குறைகிறதோ, அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அவருக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள். 150 சராசரி உள்ளவருக்கு 63 கிடைக்கும். 200 உள்ளவருக்கு 18. கூட்டினால் ஒருவர் 213, மற்றவர் 218. கெட்டிக்காரருக்குக் கொஞ்சம் சாதகம் மிஞ்சுகிறது. ஆனால் சாமானியரும் தம் நல்ல நாளில் அவரை ஜெயிக்கலாம். திறமையை அவமதிக்காமல், திறமை குறைந்தவனையும் வெளியே தள்ளாமல், இரண்டு பேரையும் ஒரே பாதையில் ஆடவைக்கும் கணக்கு. பந்தை அளந்த விதிகளை எழுதியவர்களுக்கும், வாசலில் நின்று உரிமை கேட்டவர்களுக்கும் இடையே ஏதாவது ஒரு பொதுவான ஆசை இருந்தது என்றால், இந்தக் கணக்கில்தான் அதைக் காண்கிறேன்.

ஆனால் லீக்குகள் குறைந்துவிட்டன. ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 'தனியாக பௌலிங் ஆடுதல்' என்ற பொருள்படும் தலைப்பில் 1995-ல் ஒரு கட்டுரையும் 2000-ல் ஒரு பெரிய புத்தகமும் எழுதினார். 1980-க்கும் 1993-க்கும் இடையில் பௌலிங் ஆடுகிறவர்களின் தொகை நூற்றுக்குப் பத்து வீதம் கூடியது. லீக்கில் சேர்ந்து ஆடுகிறவர்களின் தொகையோ நூற்றுக்கு நாற்பது வீதம் குறைந்தது என்று அவர் எடுத்துக் காட்டினார். ஆட்டம் இருக்கிறது, கூட்டாளிகள் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள், மழையோ பனியோ, நான்கு பேர் காத்திருப்பார்கள் என்பதற்காகவே வீட்டை விட்டுக் கிளம்புகிற பழக்கம் தேய்ந்துகொண்டு வருகிறது என்பது அவருடைய கவலை. அது அமெரிக்காவின் கவலை மட்டும்தானா என்று நம் ஊர்ச் சங்கங்களையும் வாசகசாலைகளையும் திண்ணைகளையும் நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நல்ல பந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் போதும். நடு விலைக்கே கிடைக்கிறது. ஆனால் அதை உருட்டுவதற்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்; கதவுக்கு உள்ளே சில பேர் காத்திருக்கவும் வேண்டும். கதவு திறப்பதற்காக டெட்ராய்டில் தொழிலாளர்கள் பல வருஷம் போராடினார்கள். ஆரஞ்சுபர்க்கில் மூன்று பிள்ளைகள் உயிரைக் கொடுத்தார்கள். உள்ளே காத்திருப்பதற்கு அவ்வளவு பெரிய தியாகம் ஒன்றும் தேவையில்லை. வாரத்தில் ஒரு ராத்திரி போதும். அதைக் கொடுக்கத்தான் இப்போது ஆள் கிடைப்பதில்லை.